ஓடையில் திரும்பி வந்த பூசணிக்காய்

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. யாங்கோனில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை இன்னும் பிடிக்காத வைகாசி மாதம். ஊரின் ஓரத்தில் தின்கன்ஜூன் பேட்டையை ஒட்டி ஓடுகிற ஓடையில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் படகை மழைக்காலத்துக்காகக் கொண்டுபோய்க் கட்டியிருந்தோம்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரப் பலகை, நடுவில் வளைந்த மூங்கில் கூரை, பின்னால் கையால் சுற்றிக் கிளப்புகிற டீசல் என்ஜின், அவ்வளவுதான். ஆற்றுக்கு அக்கரையில் துவாந்தே என்கிற ஊரில் சுட்ட மண்பானைகளைக் கால்வாய் வழியாக ஏற்றி வந்து யாங்கோனில் இறக்குகிற படகு. என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் யாங்கோனின் தாமுவே சந்தையில் ஒரு பானைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பானை கொண்டுவந்த படகுக்காரர் “இனி என்னால் ஆகாது” என்று படகை விற்கக் கிளம்பியதும் இவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டாரும் காலங்காலமாகத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். கப்பலைக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். “நீச்சலே தெரியாது, உங்களுக்கு எதுக்குங்க படகு?” என்று நான் கத்தித் தீர்த்தேன். பிறகு நானே வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். கத்துவதும் நான்தான், கழற்றிக் கொடுப்பதும் நான்தான். என் சுபாவம் அப்படி.

தாமுவேயில் இருந்த வாடகை அறையையும் விட்டுவிட்டோம். படகுதான் பிழைப்பு, படகுதான் வீடு. வெயில் காலம் முழுக்கக் கால்வாயில் போவதும் வருவதுமாக நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மழை பிடித்துவிட்டால் பானை காயாது, சூளையும் எரியாது. ஆற்றில் காற்று வேறு பேயாக அடிக்கும். அதனால் பானைப் படகுகள் எல்லாம் மழைக்கு முன்னால் ஏதாவது ஒரு ஓடைக்குள் புகுந்து, மழை முடிந்து வருகிற தீபத் திருவிழா வரைக்கும் அங்கேயே கட்டிக் கிடக்கும். அந்த ஓடையில் இடம் கிடைத்தால்தான் எங்களுக்கு அந்த வருஷ மழைக்காலம். கிடைக்காவிட்டால் போக்கிடம் கிடையாது.

அங்கே கட்டுகிற முறையே தனி. கரையில் அடித்திருக்கும் முளைகளில் முதல் படகைக் கட்டுவார்கள். அதன் விலாவோடு ஒட்டி அடுத்த படகு, அதை ஒட்டி இன்னொன்று என்று வரிசை நடு ஓடையை நோக்கி நீளும். கடைசிப் படகுக்காரர் கரைக்குப் போக வேண்டுமென்றால் எல்லார் வீட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார், ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படகின் பின்பக்கமாகக் குனிந்து போக வேண்டும். முன்பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது. அங்கேதான் தண்ணீரைக் காக்கிற தெய்வத்துக்குப் பூவும் இலையும் செருகி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் தாங்களாகப் போய் அடுத்த படகில் கயிற்றைக் கட்டிவிட முடியாது. கயிற்றை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் படகுக்காரர் கையால் வாங்கி, தன் படகில் கட்டிக்கொடுத்தால்தான் இடம் கிடைத்ததாகக் கணக்கு.

வரிசையில் கடைசியாக இருந்தது ஒரு பர்மிய அம்மாளின் படகு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். கணவர் இல்லை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த சாந்தை அப்பிக்கொண்டு, தலையில் ஒரு ஓலைத் தொப்பியோடு இருப்பாள். அவளுடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மருமகன் மீன்பிடிக் கப்பலுக்குப் போயிருந்ததால், பிரசவத்துக்காகத் தாயோடு வந்து இருந்தாள். பர்மிய மொழியில் மூத்த பெண்ணை ‘அமா’ என்போம், நம் அக்கா மாதிரி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் கயிற்றை நீட்டியதும் அமா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். “காலாக்களும் படகு வாங்கிட்டீங்களா?” என்று சிரித்தாள். இந்தியர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சிலர் சொன்னால் சுருக்கென்று தைக்கும், அவள் சொன்னபோது தைக்கவில்லை. கயிற்றை வாங்கிக் கட்டினாள். எனக்கு ஒரு வீட்டுக்குக் குடி வந்த மாதிரி இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த முதல் சில நாட்கள் அவ்வளவு சந்தோஷமாகப் போயின. பலகை இடுக்குகளில் பஞ்சையும் குங்கிலியத்தையும் வைத்து அடைத்தோம். கூரைமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். கழுத்து உடைந்த பானைகள் எங்களிடம் ஏராளம். அவற்றில் மண்ணைப் போட்டுத் துளசி, செவ்வந்தி, பச்சை மிளகாய் என்று வைத்துப் படகின் ஓரமெல்லாம் அடுக்கினேன். உள்ளே அடுப்பு ஒரு மூலை, சாமி படம் ஒரு மூலை. காலையில் அமா ஒரு கிண்ணம் மொகிங்கா கொடுப்பாள், மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா. நான் ரசம் கொடுப்பேன். “உங்க ஊர்ல சுடுதண்ணியில மிளகாய் போட்டுக் குடிப்பீங்களா?” என்று கேலி செய்துகொண்டே கிண்ணத்தை வழித்துக் குடிப்பாள்.

ஒரு நாள் அவள் கரையிலிருந்து திரும்பி வரும்போது நின்று, எங்கள் படகை முன்னும் பின்னும் பார்த்தாள். “இந்த ஓடையிலேயே உன் படகுதான் அழகா இருக்கு” என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. அழகாக இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் நம்மவர்களுக்கு உடனே என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

“ஏங்க, சந்தைக்குப் போனா ஒரு நல்ல பூசணிக்காயா பார்த்து வாங்கிட்டு வாங்க. திருஷ்டி கழிக்கணும்” என்றேன்.

“படகுக்கா?”

“காருக்குக் கழிக்கிறாங்க, கடைக்குக் கழிக்கிறாங்க. படகுக்குக் கழிச்சா என்ன?”

மறுநாள் காலை வெள்ளைப் பூசணிக்காய் வந்தது. மேலே குடைந்து உள்ளே குங்குமத்தைக் கொட்டினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரையும் ஊற்றினேன். உச்சியில் சூடம் கொளுத்தி, என் வீட்டுக்காரர் படகுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். நன்றாகச் சுற்றினார், பாவம். அதற்குப் பிறகுதான் இடித்தது. தெருவாக இருந்தால் முச்சந்தியில் போட்டு உடைக்கலாம். ஓடையில் முச்சந்திக்கு எங்கே போவது? பலகைமேல் அடித்தால் பலகை விட்டுவிடும். கடைசியில் அரிவாளால் இரண்டாகப் பிளந்து, தண்ணீரிலேயே எறிந்துவிட்டார். வற்றம், அதாவது தண்ணீர் கடல் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். இரண்டு பாதியும் சிவப்பாக மிதந்து, வளைவு திரும்பிக் கண்ணுக்கு மறைந்தன. “போச்சு பாரு உன் திருஷ்டி, கடலுக்கே போயிருச்சு” என்றார். எனக்குப் பரம திருப்தி.

கடலிலிருந்து ஏற்றம் ஏறி வருகிற ஓடை அது. காலையில் போகிற தண்ணீர் மதியத்துக்குமேல் திரும்பி வரும். இதைத் தினமும் பார்க்கிறோம், இதற்காகவே கயிற்றைத் தளர்த்திக் கட்டியிருக்கிறோம். இருந்தும் அது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. பூசணிக்காயைத் தெருவில் உடைத்தே பழகிய கை அல்லவா!

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தேன். வீல் என்று ஒரு அலறல். எழுந்து ஓடினேன். அமாவின் மகள் துணி அலசத் தண்ணீர் மொள்ள வாளியை விட்டிருக்கிறாள். தூக்கிப் பார்த்தால் வாளிக்குள் பாதிப் பூசணிக்காய், கரிந்த சூடம், ரத்தம் போலச் சிவந்த தண்ணீர். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு பாதி அமாவின் படகு முகப்பில், பூவும் இலையும் செருகிய இடத்துக்கு நேர் கீழே, டொக் டொக் என்று முட்டிக்கொண்டிருந்தது.

அமா மகளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். பிறகு வாளியை எடுத்து வந்து எங்கள் பலகையில் வைத்தாள்.

“இது உன்னோடதா?”

“ஆமா அமா.”

“என் பொண்ணு மேல உனக்கு என்ன கோபம்? எங்களுக்கு ஏன் செய்வினை வைக்கிறே?”

“ஐயோ, சத்தியமா செய்வினை இல்ல அமா! இது நல்லதுக்குச் செய்யறது. எங்க படகு மேல யார் கண்ணும் படாம இருக்க” என்று பதறிக்கொண்டு சொன்னேன்.

“யார் கண்ணு?”

நான் கண்ணை வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“இந்த இடத்துல உன் படகைப் பாக்கிறது யாரு? நானும் என் மகளும்தான். நேத்து அழகா இருக்குன்னு சொன்னதும் நான்தான்.” அவள் கண் கலங்கிவிட்டது. “என் கண்ணுக்குத்தானா இது?”

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். மனசுக்குள் சுருங்கிப் போனேன். அவள் கேட்டது நூற்றுக்கு நூறு உண்மை. நாலு நாளாக அவள் கொடுத்த மொகிங்காவைச் சாப்பிட்டுவிட்டு, அவள் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தைக்கு நான் பரிகாரம் செய்திருக்கிறேன்.

அமா தன் படகில் கட்டியிருந்த எங்கள் கயிறுகளை அவிழ்த்தாள். அழகாகச் சுருட்டி, எங்கள் பலகையில் வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த வரிசையில் இனி இடமில்லை என்று அதற்கு அர்த்தம். மேலே கொஞ்ச தூரத்தில் இன்னொரு வரிசை உண்டு, அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்றார், கழியை ஊன்றிப் படகைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். “இப்ப வேண்டாம், ஏற்றம் முடியற நேரம் இது, தண்ணி கீழ இழுக்க ஆரம்பிச்சுடும்” என்று தயங்கினார். எனக்கோ அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. எல்லாப் படகிலிருந்தும் எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. “ஒரு நிமிஷம் இங்க இருக்க முடியாது. கிளம்புங்க” என்று நச்சரித்தேன். பாவம், மனுஷன் என்ஜினைச் சுற்றிக் கிளப்பினார். மேற்கே வானம் கறுத்துக் கிடந்ததை இரண்டு பேருமே சரியாகக் கவனிக்கவில்லை.

ஓடையின் நடுவுக்கு வந்து, மேல்பக்கமாகக் கொஞ்ச தூரம் போயிருப்போம். திடீரென்று காற்று வீசியடித்தது. அடுத்த கணம், அந்த வருஷத்தின் முதல் மழை, மழை என்றா சொல்வது, வானமே கவிழ்ந்த மாதிரி கொட்டியது. செவ்வந்திப் பானைகள் உருண்டு தண்ணீரில் விழுந்தன. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்தது. என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. அவர் சுற்றுகிறார், சுற்றுகிறார், கைப்பிடி வழுக்குகிறது. அதற்குள் வற்றமும் தொடங்கிவிட்டது. படகு குறுக்காகத் திரும்பி, வந்த வழியே கீழே போக ஆரம்பித்தது.

கீழே பாலம் இருந்தது. அதன் தூண்களில் தண்ணீர் மோதி நுரைக்கிறதை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். குறுக்காகப் போய் அதில் அடித்தால் படகு இரண்டு துண்டு. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. “மாரியாத்தா, மாரியாத்தா” என்று நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. இவர் என்னைப் பார்த்து, “கூரை மூங்கிலைப் பிடிச்சுக்க புள்ள, என்ன ஆனாலும் விடாதே” என்றார். அந்த முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. “கயிறு! கயித்தைப் போடு!”

மழைத் திரைக்கு நடுவே அமா. வரிசையின் கடைசிப் படகின் விளிம்பில், நீள மூங்கில் கழியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஓலைத் தொப்பியைக் காணோம், தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்கிறது. அவளுக்குப் பின்னால் மகள் ஒரு தகர டப்பாவைத் தட்டித் தட்டி மற்றப் படகுக்காரர்களைக் கூப்பிடுகிறாள். சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து வீசினேன். பாதியிலேயே தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடியும் வீசினேன். இந்தத் தடவை அமா கழியால் அதை வாரிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவளே வழுக்கி விழுந்தாள், கயிற்றை மட்டும் விடவில்லை. முழங்காலில் எழுந்து, படகின் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். அதற்குள் அடுத்தடுத்த படகுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். கயிறு விறைத்து நடுங்கியது. எங்கள் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அவள் படகோடு சேர்த்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

அமா தன் கையாலேயே முன் கயிற்றையும் பின் கயிற்றையும் கட்டினாள். முழங்காலில் ரத்தம். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

“இனிமே காய்கறியைத் தண்ணியில போடாதே” என்றாள். “குழம்பு வை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுகைக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் அங்கேயே இருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியான மழைக்காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கூரையில் மழை விடாமல் பெய்யும். உள்ளே அடுப்பு எரியும். ஏற்றத்துக்கு எல்லாப் படகும் சேர்ந்து எழும்பும், வற்றத்துக்குச் சேர்ந்து இறங்கும். அமாவின் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகிப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். அமா அதையும் விட்டுவைக்காமல் கேலி செய்தாள், மகளுக்குத் தெரியாமல் பாதியைத் தானே சாப்பிடவும் செய்தாள்.

ஒரு நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். அமா கரைக்குப் போயிருந்தாள். “அன்னிக்கு நல்ல வேளை, மழை வந்ததும் உங்க அம்மா வெளிய வந்தாங்க” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “மழை வந்ததும் வரலை அக்கா. உங்க என்ஜின் சத்தம் கேட்டதுமே வெளிய வந்துட்டாங்க. மேற்கே இருட்டிக்கிட்டு வருது, இந்த ரெண்டு முட்டாளும் எங்க போறாங்கன்னு திட்டிக்கிட்டே நின்னாங்க. உள்ள வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன், வரவே இல்லை. கழியைக் கையில வெச்சுக்கிட்டு உங்களையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

குழந்தையின் காலை வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நாலைந்து வருஷம் படகு ஓட்டினோம். அதை விற்றுவிட்டுத் தின்கன்ஜூனில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடியேறினோம். அமா மகளோடு துவாந்தே பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. இப்போதும் உறவுக்காரர்கள் யாராவது வந்தால், “வாசலைத் திறந்து போட்டு வெச்சிருக்கியே, நாலு பேர் கண்ணு பட்டா என்ன ஆகிறது?” என்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன், ஆனால் வாசலைச் சாத்துவதில்லை. மனசு உடைந்து எங்களை அனுப்பி வைத்த பிறகும் ஒருத்தி எங்கள் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாளே, அதனால்தானே நான் இன்று உயிரோடு இருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.